குண்டு எறிதல்: விதிகள், கருவி, நுட்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி மாணவர்களும் அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். விதிகள் உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் வகுத்தவை. கால், கை பற்றிய விளக்கங்கள் வலக்கையால் எறிபவருக்கானவை. இடக்கைக்காரர்கள் வலத்தை இடமாக, இடத்தை வலமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த வயதுக்கு எத்தனை கிலோ குண்டு?

ஆண்களுக்கு 7.260 கிலோ. 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ. பெண்களுக்கு 4 கிலோ. 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் அதே 4 கிலோதான். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ.

இதற்கும் கீழே உள்ள வயதுப் பிரிவுகளுக்குப் போட்டி நடத்தும் அமைப்பே எடையை முடிவு செய்கிறது. ஒரே மாணவர் இரண்டு அமைப்புகளின் போட்டிகளில் இரண்டு எடைகளை எறிய நேரலாம். சுற்றறிக்கை வந்தவுடன் எடையைப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

புதிதாகக் குண்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எடை, விட்டம், மேற்பரப்பு ஆகிய மூன்றையும். விட்டம் 7.260 கிலோ குண்டுக்கு 110 முதல் 130 மில்லிமீட்டர், 6 கிலோவுக்கு 105 முதல் 125, 5 கிலோவுக்கு 100 முதல் 120, 4 கிலோவுக்கு 95 முதல் 110, 3 கிலோவுக்கு 85 முதல் 110. இரும்பு, பித்தளை அல்லது பித்தளையைவிட மென்மையாக இல்லாத உலோகத்தில் செய்திருக்க வேண்டும். உலோக ஓட்டுக்குள் ஈயம் போன்றவற்றை நிரப்பிய குண்டுகளும் செல்லும்.

எடை துல்லியமாக இருக்கும் குண்டைவிட 5 முதல் 25 கிராம் வரை கூடுதலாக இருப்பதை வாங்குங்கள். பெயின்ட் உரிந்து, துரு பிடித்து, அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டு ஆண்டுகளில் சில கிராம் போய்விடும். குறைந்தபட்ச எடைக்கு ஒரு கிராம் குறைந்தாலும் போட்டியில் அந்தக் குண்டு செல்லாது. மேற்பரப்பில் வார்ப்புத் தழும்போ பள்ளமோ இருக்கக் கூடாது. சிறிய கைக்காரர்களுக்கு விட்டம் குறைந்த குண்டு வசதியாக இருக்கும். எடை ஒன்றாக இருந்தாலும் விரல்களில் அது உட்காரும் விதம் வேறு.

பள்ளி மைதானத்தில் எறிபவர் நிற்கும் வட்டமும், குண்டு விழ வேண்டிய விசிறி வடிவப் பகுதியான செக்டரும் போடுவது எப்படி?

வட்டத்தின் உள்விட்டம் 2.135 மீட்டர், அதாவது ஆரம் 1.0675 மீட்டர். நடுவில் ஆணி அடித்து, நீளாத கயிறு அல்லது டேப் கொண்டு வரைந்துகொள்ளுங்கள். நிரந்தர வட்டமாக இருந்தால் கான்கிரீட் தளம், சுற்றிலும் வெள்ளை அடித்த இரும்புப் பட்டை. தளம் பட்டையின் மேல்விளிம்பைவிட 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தளத்தைக் கண்ணாடிபோல் வழவழப்பாகப் பூசிவிடுவது கட்டுமானத்தில் அடிக்கடி நடக்கும் தவறு; மழைத்தூறல் விழுந்தால் அதில் நிற்கவே முடியாது. மரக்கட்டையால் தேய்த்து முடித்த லேசான சொரசொரப்பு போதும். சொரசொரப்பு கூடிப்போனால் கிளைடிலும் (பின்னோக்கிச் சறுக்கி வந்து எறியும் முறை) சுழற்சியிலும் (சுழன்று வந்து எறியும் முறை) கால் நகராது, முழங்கால் திருகிக்கொள்ளும்.

செக்டரின் கோணம் 34.92 டிகிரி. கோணமானி தேடி அலைய வேண்டாம். வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு டேப்களை 20 மீட்டருக்கு இழுங்கள். அவற்றின் முனைகளுக்கு இடையே சரியாக 12 மீட்டர் இருக்கும்படி வைத்தால் கோணம் தானாக வந்துவிடும். 10 மீட்டர்தான் இடமிருக்கிறது என்றால் 6 மீட்டர் இடைவெளி. செக்டர் கோடு 5 சென்டிமீட்டர் அகலம். அதன் உள்விளிம்புதான் எல்லை என்பதால் நீங்கள் இழுத்த டேப்புக்கு வெளிப்பக்கமாகச் சுண்ணாம்பு போட வேண்டும்.

வட்டத்தின் இரு பக்கமும் வெளியே 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒரு வெள்ளைக் கோடு வேண்டும். வட்டத்தை முன்பாதி, பின்பாதி என்று பிரிப்பது இதுதான். பல மைதானங்களில் இந்தக் கோட்டை மறந்துவிடுகிறார்கள். பிறகு எறிபவர் எங்கிருந்து வெளியேறினார் என்று வாக்குவாதம் வருகிறது.

ஸ்டாப் போர்டு என்னும் தடுப்புப் பலகை வட்டத்தின் முன்பக்கம், இரண்டு செக்டர் கோடுகளுக்கும் நடுவே வரும். வட்டத்தின் வளைவையே கொண்ட இதன் நீளம் 1.21 மீட்டர், உயரம் உள்தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர். அசையாதபடி இறுக்கிப் பொருத்த வேண்டும். ஆடும் பலகையில் கணுக்கால் பிசகியவர்கள் உண்டு.

எவையெல்லாம் ஃபவுல்?

அசையா நிலையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கையால் மட்டும், தோளிலிருந்து குண்டைத் தள்ள வேண்டும். நிலை எடுக்கும்போது குண்டு கழுத்தை அல்லது தாடையைத் தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிக அருகில் இருக்க வேண்டும். அந்த இடத்தைவிடக் கை கீழே இறங்கக் கூடாது. குண்டு தோள்களின் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது. குட்டிக்கரணம் போல் உடலைப் புரட்டி எறிவதற்கும் தடை.

முயற்சியைத் தொடங்கிய பிறகு இரும்புப் பட்டையின் மேற்பகுதியை, பலகையின் மேற்பகுதியை, வெளியே உள்ள தரையை உடலின் எந்தப் பகுதியாலும் தொட்டால் ஃபவுல். சுழற்சி முறைக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன விலக்கு உண்டு. உடல் முதல் முறை சுழலும்போது, வெள்ளைக் கோட்டுக்கு முழுக்கப் பின்னால், உந்துதல் எதுவும் பெறாமல் கால் பட்டையில் உரசிவிட்டால் அது ஃபவுல் ஆகாது.

குண்டு முதலில் விழும்போது செக்டர் கோட்டைத் தொட்டாலும் ஃபவுல்தான். உள்ளே விழுந்து பிறகு வெளியே உருண்டால் கவலையில்லை. குண்டு தரையில் விழும் முன் வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறும்போதும் முதல் கால் பின்பாதியில்தான், வெள்ளைக் கோட்டுக்கு முழுதும் பின்னால் படவேண்டும். நல்ல எறி விழுந்த மகிழ்ச்சியில் முன்னால் ஓடிச் சென்று பதக்கத்தை இழப்பது பள்ளிப் போட்டிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. முதல் நாள் பயிற்சியிலிருந்தே ஒவ்வொரு எறிக்குப் பிறகும் நின்று, திரும்பி, பின்பக்கமாக வெளியே வரப் பழக்குங்கள்.

ஸ்டாப் போர்டில் கால் படலாமா?

உள்பக்கச் சுவரில் தாராளமாகப் படலாம், முட்டலாம், அழுத்தலாம். மேலே மட்டும் படக் கூடாது. பட்டையின் உள்பக்கத்துக்கும் இதே விதி.

பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாமா?

தொடங்கலாம். அதுவரை எந்த விதியையும் மீறியிருக்கக் கூடாது; நேரமும் மிச்சமிருக்க வேண்டும். குண்டைக் கீழே வைத்துவிட்டு வட்டத்திலிருந்து வெளியே வந்துகூடத் திரும்பலாம், ஆனால் வெளியேறும் விதி அப்போதும் பொருந்தும். ஒரு முயற்சிக்கு 1 நிமிடம். ஒரே ஆள் அடுத்தடுத்து எறிய வேண்டிய நிலை வந்தால் 2 நிமிடம்.

மொத்தம் எத்தனை முயற்சி? இருவர் ஒரே தூரம் எறிந்தால்?

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் மூன்று முயற்சி. அதில் முன்னணி எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. எட்டுப் பேரோ அதற்குக் குறைவோ என்றால் எல்லோருக்கும் ஆறு. சமனானால் அவரவரின் இரண்டாவது சிறந்த எறியைப் பார்ப்பார்கள், அதுவும் சமனென்றால் மூன்றாவதை. அதனால் முதல் எறியே நன்றாக விழுந்துவிட்டது என்று மற்ற முயற்சிகளை அலட்சியமாக எறிவது ஆபத்து.

தூரத்தை அளப்பதில் என்ன தவறு வருகிறது?

குண்டு பதித்த தடத்தில், வட்டத்துக்கு மிக அருகில் உள்ள விளிம்பில் டேப்பின் பூஜ்யத்தை வைக்க வேண்டும். மறுமுனையை வட்டத்தின் மையத்துக்கு மேலாக இழுத்துப் பிடித்து, பட்டையின் உள்விளிம்பில் வாசிக்க வேண்டும். எறி பலகைக்கு நேராகப் போயிருந்தால் பலகையின் உள்விளிம்பில். சென்டிமீட்டருக்குக் கீழான பகுதியை விட்டுவிட வேண்டும்: 11.437 மீட்டர் என்றால் 11.43.

மூன்று தவறுகள் வழக்கம். பூஜ்யத்தை வட்டத்தில் வைத்துத் தடத்தின் பக்கம் வாசிப்பது முதலாவது. டேப் மையத்தின் வழியாகப் போகாமல் பலகையின் நடுவை நோக்கி இழுப்பது இரண்டாவது. இதனால் ஓரமாக விழுந்த எறிக்குத் தூரம் தவறாக வரும். துணி டேப்பைப் பயன்படுத்துவது மூன்றாவது. துணி நீளும், எஃகு டேப் நீளாது. மையத்தில் ஒரு சிறு குறி பொறித்துவிட்டால் இரண்டாவது தவறு அடியோடு நீங்கும்.

கையில் டேப் ஒட்டலாமா? பெல்ட், பவுடர்?

விரல்களுக்கு டேப் சுற்றலாம். ஆனால் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. ஒவ்வொரு விரலும் தனியாக அசைய வேண்டும். போட்டிக்கு முன்பே நடுவரிடம் காட்டிவிடுங்கள். முதுகெலும்புக்குப் பாதுகாப்பாகத் தோல் பெல்ட் அணியலாம். கையுறை கூடாது. சாக் பவுடரைக் கையிலும் குண்டிலும் கழுத்திலும் பூசலாம், ஈரத்துணியால் துடைத்தால் போகக்கூடியதாக இருக்க வேண்டும். காலணியிலோ வட்டத்திலோ எதையும் தெளிக்கவோ தூவவோ கூடாது.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை: அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ கான்கிரீட்டுக்கு உதவாது. தட்டையான, கட்டை இல்லாத அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டும். எறிதலுக்கென்று செய்த ஷூ வாங்க வசதியில்லாதவர்கள் அடிப்பாகம் தேய்ந்து சமமான கேன்வாஸ் ஷூவிலேயே தொடங்கலாம்.

குண்டைக் கையில் எப்படிப் பிடிப்பது?

உள்ளங்கையில் வைக்கக் கூடாது. நடு மூன்று விரல்களின் அடிப்பகுதி, அதாவது விரல் உள்ளங்கையோடு சேரும் மேடு, அங்கேதான் குண்டின் எடை உட்கார வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கத்தில் சாயாமல் தாங்கும். மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, குண்டைக் காறையெலும்புக்கு மேல், தாடைக்குக் கீழே கழுத்துக் குழியில் அழுத்துங்கள். கட்டைவிரல் காறையெலும்பை நோக்கி இருக்கட்டும். முழங்கை உடலோடு ஒட்டாமல் வெளியே தள்ளி இருக்க வேண்டும்.

உள்ளங்கையில் வைத்தால் கடைசியில் விரல்கள் கொடுக்கும் விசை கிடைக்காது. விரல் நுனிக்கு ஏற்றிவிட்டால் விரல்கள் பின்னால் மடங்கிச் சுளுக்கும். பழகாதவர்கள் மூன்று விரல்களையும் நெருக்கமாக வைத்துத் தொடங்கி, பலம் கூடக்கூட லேசாக விரிக்கலாம். எறிந்த பிறகு கழுத்தில் அழுக்குத் தடம் பதிந்திருந்தால் இடம் சரி. தோளில் பதிந்திருந்தால் குண்டு கீழே இறங்கியிருக்கிறது.

கிரிக்கெட் பந்து போல வீசினால் என்ன?

முதலில் அது ஃபவுல். அதைவிடப் பெரிய சேதம் தோளுக்கும் முழங்கைக்கும். முழங்கை குண்டுக்குக் கீழே தொங்கினால் கை பந்து வீசும் பாதையில் போகிறது. முழங்கை மூட்டின் உட்பக்கத் தசைநார் அந்த எடையைத் தாங்காது. எறியும்போது முழங்கை குண்டுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். தள்ளும் திசை எதுவோ அதே கோட்டில், குண்டுக்குப் பின்னால் முழங்கை இருந்தால் சரி. மாணவரைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். சொல்லிப் புரியாதது பார்த்தால் புரியும்.

முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

நின்ற இடத்தில் எறிதல். கிளைடும் சுழற்சியும் கடைசியில் வந்து சேர்வது இந்த நிலையில்தான் என்பதால், இது சரியாகாமல் அவற்றுக்குப் போவது வீண்.

தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாகக் கால்களை அகட்டி நில்லுங்கள். வலக்கால் வட்டத்தின் நடுவில்; முழங்கால் நன்றாக மடங்கி, உடல் எடை முழுதும் அதன்மேல். குதிகால் தரையைத் தொடாது. இடக்கால் பலகையை ஒட்டி. அதன் விரல்நுனி வலக்கால் குதிகாலின் நேர்கோட்டில் இருந்தால் இடுப்பு திரும்ப இடம் கிடைக்கும். தோள்களும் பார்வையும் பின்பக்கம். பக்கத்திலிருந்து பார்த்தால் தாடை, வலது முழங்கால், வலக்கால் விரல் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிய வேண்டும்.

இனி வரிசைதான் எல்லாம். வலக்காலின் முன்பாதம் திரும்புகிறது. பிறகு முழங்கால், பிறகு இடுப்பு முன்னால் வருகிறது. தோள் இன்னும் பின்னாலேயே இருக்கிறது. இடுப்புக்கும் தோளுக்கும் இடையே விழும் இந்த முறுக்கில்தான் விசை சேர்கிறது. அதன்பின் மார்பு எழுந்து திரும்ப, இடக்கால் நேராக விறைத்து உடலின் இடப்பக்கத்தைப் பூட்டிவிடுகிறது. இடப்பக்கம் நின்றுவிட்டால் வலப்பக்கம் வேகமெடுக்கும். கடைசியில்தான் கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் மணிக்கட்டும் விரல்களும்.

பெரும்பாலான மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கை முதலில் போகிறது, கால் சும்மா நிற்கிறது. எறிந்து முடித்தபின் வலக்கால் குதிகால் தரையில் ஊன்றியபடியே இருந்தால் அவர் கையால் மட்டும் எறிந்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கிளைடு எப்படி?

அமெரிக்காவின் பேரி ஓ'பிரையன் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன் பக்கவாட்டில் நின்று துள்ளி வந்தார்கள். அவர் முதுகை எறியும் திசைக்குக் காட்டி நின்றார். குண்டு கூடுதல் தூரம் உடலோடு பயணித்து வேகம் பெற்றது. 1954 மே மாதம் 18.42 மீட்டர் எறிந்து 60 அடியை முதலில் தாண்டியவரும் அவரே.

வட்டத்தின் பின்விளிம்பில் வலக்காலை ஊன்றிப் பின்பக்கம் பார்த்து நில்லுங்கள். உடலை முன்னால் கவிழ்த்து, இடக்காலைப் பின்னே லேசாகத் தூக்கி, பிறகு இரண்டு முழங்கால்களையும் நெருக்கி வலக்காலில் அமருங்கள். இடுப்பு பலகையை நோக்கிச் சாயத் தொடங்கும்போது இடக்காலைப் பலகையின் அடியை நோக்கித் தாழ்வாக நீட்டி உதையுங்கள். வலக்காலின் குதிகால் கடைசியாகத் தரையை விட்டு எழட்டும். வலக்காலை உடனே உடலுக்குக் கீழே இழுத்து, உள்ளே திருப்பி, வட்டத்தின் நடுவில் வையுங்கள். வலக்கால் பதிந்த மறுகணமே இடக்கால் பலகையடியில் பதிய வேண்டும். தோள் இவ்வளவு நேரமும் பின்னாலேயே. இப்போது நீங்கள் நின்ற எறியின் நிலையில் இருக்கிறீர்கள், ஆனால் வேகத்தோடு.

கிளைடு போட்டால் நின்று எறிவதைவிடத் தூரம் குறைகிறதே?

இது மிக அதிகமாக வரும் கேள்வி. காரணம் கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருக்கும்.

மேலே குதிக்கிறீர்கள். கிளைடு கிடையாகப் போக வேண்டும். உயரத் துள்ளினால் வலக்கால் இறங்கும்போது முழங்கால் எடையை வாங்கி மடங்கி, இருந்த வேகம் செத்துவிடும்.

தோள் முன்கூட்டியே திறந்துவிடுகிறது. இடது கை முன்னால் சுழன்று பார்வை செக்டருக்கு வந்துவிட்டால் முறுக்கு இல்லை, கை மட்டுமே மிச்சம். வட்டத்துக்குப் பின்னால் மூன்று மீட்டரில் ஒரு கூம்பை வைத்து, வலக்கால் பதியும் வரை அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

வலக்கால் நடுவுக்கு வராமல் பின்னாலேயே நின்றுவிடுகிறது. கால்கள் அதிகமாக அகன்று, இடுப்பைத் திருப்ப முடியாமல் போகிறது.

இடக்கால் தாமதமாக விழுகிறது. காற்றில் மிதக்கும் அந்த நேரத்தில் உடல் எடை முன்னால் போய்விடும். பூட்டுவதற்குக் கால் இல்லை.

நன்றாகப் பழகியவருக்குக் கிளைடு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை கூட்டிக் கொடுக்கும். அரை மீட்டர்கூடக் கூடவில்லையென்றால் குண்டைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கால்வேலையை மட்டும் செய்யுங்கள்.

சுழற்சி முறையா, கிளைடா?

சோவியத் வீரர் அலெக்சாண்டர் பாரிஷ்னிகோவ் 1976இல் சுழன்று எறிந்து 22.00 மீட்டர் உலக சாதனை படைத்தார். 1990இல் ராண்டி பார்ன்ஸின் 23.12, ரயன் கிரவுசர் 2021இல் எறிந்த 23.37, 2023 மே மாதத்தில் எறிந்த 23.56 எல்லாமே சுழற்சிதான். கிளைடில் மிகத் தொலைவு போனது கிழக்கு ஜெர்மனியின் உல்ஃப் டிம்மர்மன் 1988இல் எறிந்த 23.06. பெண்களின் உலக சாதனை 1987இலிருந்து நடால்யா லிசோவ்ஸ்கயாவின் 22.63. ஆசிய ஆண்கள் சாதனையைத் தஜிந்தர்பால் சிங் தூர் 2023இல் புவனேஸ்வரத்தில் 21.77 மீட்டராக உயர்த்தினார்.

உச்சத்தில் இருப்பவர்கள் சுழல்கிறார்கள் என்பதற்காகப் பள்ளி மாணவர் எல்லோரையும் சுழல விடக் கூடாது. சுழற்சியில் குண்டு கழுத்தை விட்டு விலகப் பார்க்கும், சமநிலை குலையும், ஃபவுல் கூடும். ஆனால் தட்டு எறிதலும் பழகுபவர், உயரம் குறைந்தாலும் கால் சுறுசுறுப்பாக உள்ளவர் ஆகியோருக்கு இது பலன் தரும். எங்கள் கருத்து: முதல் ஆண்டு நின்ற எறியும் கிளைடும்; பிறகு வேண்டுமானால் சுழற்சி.

சுழற்சியில் பெரும்பாலான தவறுகள் தொடக்கத்திலேயே பிறக்கின்றன. எடை இடக்காலுக்கு முழுதாக மாறும் முன்பே தலையும் தோளும் வட்டத்துக்குள் விழுந்துவிடுகின்றன. முதலில் இடது முழங்காலும் பாதமும் திரும்பட்டும். வலக்கால் அகலமாகச் சுற்றி வரட்டும். அதன் பிறகே வட்டத்தின் நடுவை நோக்கி உந்துதல்.

45 டிகிரியில் எறிந்தால்தானே அதிகத் தூரம்?

இல்லை. குண்டு தரையிலிருந்து கிளம்பவில்லை, தலைக்கு மேலிருந்து கிளம்புகிறது. அதனால் கணக்குப்படியே சிறந்த கோணம் 45க்குக் கீழ். இன்னொன்று: மேல்நோக்கித் தள்ளத் தள்ள ஈர்ப்புவிசையை எதிர்க்க வேண்டியிருப்பதாலும், மார்புத் தசை கிடையாகத் தள்ளுவதில்தான் வலுவானது என்பதாலும் வேகம் குறையும். ஆகவே சிறந்த வீரர்களின் கோணம் பெரும்பாலும் 31 முதல் 38 டிகிரிக்குள் அமைகிறது.

கோணத்தைவிட வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1.8 மீட்டர் உயரத்தில், 37 டிகிரியில், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கையை விட்ட குண்டு ஏறத்தாழ 9.86 மீட்டர் போகும். வேகம் 10 ஆனால் 11.79. கையை விடும் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டினால் கிடைப்பது இன்னொரு 9 சென்டிமீட்டர்தான். கோணம் மூன்று டிகிரி பிசகினாலும் இழப்பு சில பத்து சென்டிமீட்டர்களைத் தாண்டாது. பயிற்சி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

பென்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளும் பயிற்சி) கூட்டினால் தூரம் கூடுமா?

ஓரளவு. ஆனால் வேகத்தின் பெரும்பகுதி கால், இடுப்பிலிருந்து வருகிறது. ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பவர் கிளீன் (எடையைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தோளுக்குத் தூக்குவது), இரு கைகளாலும் குண்டைத் தலைக்கு மேல் பின்னால் எறிவது, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது ஆகியவை மாணவர்களுக்கு அதிகம் கொடுக்கும். வளரும் வயதில் கனமான எடையைவிடச் சரியான வடிவம் முக்கியம். எறியும் நாளில் 20 முதல் 25 நல்ல எறிகள் போதும். களைத்த பிறகு எறியும் எறிகள் தவறான பழக்கத்தைத்தான் பதியவைக்கும். போட்டிக் குண்டைவிட அரைக் கிலோ, ஒரு கிலோ குறைவான குண்டையும் இடையிடையே எறியவிடுங்கள். வேகத்தின் உணர்வு அதில்தான் வருகிறது.

எறி நன்றாகப் போகிறது, ஆனால் முன்னால் விழுந்து ஃபவுல் ஆகிறது. என்ன செய்வது?

குண்டு கையை விட்டதும் கால்களை மாற்றிக்கொள்ள வேண்டும்: வலக்கால் பலகையின் உள்சுவரை ஒட்டி வந்து முழங்கால் மடங்க, இடக்கால் பின்னால் உயர, உடல் தாழ வேண்டும். பார்வை குண்டின் பின்னால் ஓடாமல் இடப்பக்கம் தரையைப் பார்த்தால் சமநிலை நிற்கும். ஆனால் கால்மாற்றம் எறிக்குப் பிறகுதான். குண்டு கையில் இருக்கும்போதே குதித்து மாற்றுபவர்கள் தரையின் ஆதரவை இழக்கிறார்கள். மாற்றாமல் எறியப் பத்து எறி கொடுத்துப் பாருங்கள், இடக்கால் பூட்டுவது சரியாகும்.

பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

குண்டு தரையில் விழுந்து நின்ற பிறகே எடுக்கப் போக வேண்டும். எடுத்ததைக் கையில் சுமந்து வர வேண்டும். திருப்பி எறியவோ உருட்டிவிடவோ கூடாது. காத்திருப்பவர்கள் வட்டத்துக்குப் பின்னால், எறிபவரிடமிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு குண்டுகளை ஒரே நேரத்தில் எறிய அனுமதிக்காதீர்கள். மழை நாளில் வட்டத்தைத் துடைக்கச் சாக்கு, குண்டைத் துடைக்கத் துண்டு, காலணியின் அடியைத் துடைக்க இன்னொரு துணி என மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். மணல் ஒட்டிய துணியால் குண்டைத் துடைத்தால் அது கழுத்தைக் கீறும், விரலிலும் வழுக்கும்.